வர்த்தக மாநாட்டின் மொழியும் மக்களின் கணக்கும்

கதையையும் கவிதையையும் நாடகத்தையும் ஆராய்வதோடு விமர்சகனின் கடமை முடிந்துவிடுகின்றது என்று கருதும் மனப்பான்மை நம்மிடையே இன்னும் நிலவுகின்றது. ஆனால் மக்களின் வாழ்வை நிர்ணயிக்கும் எழுத்துக்களும் பேச்சுக்களும் பெரும்பாலும் இலக்கிய மேடைக்கு வெளியிலேயே பிறக்கின்றன. வரவு செலவுத் திட்ட உரை, வங்கியின் ஆண்டறிக்கை, வர்த்தக மாநாட்டின் தலைமையுரை ஆகியனவும் மொழியால் ஆக்கப்பட்டவையே. அவற்றுக்கும் ஒரு நடையுண்டு, ஒரு மரபுண்டு, ஒரு வர்க்க நோக்கமும் உண்டு. ஆகவே அவையும் விமர்சனத்துக்கு உட்பட வேண்டியனவாகும்.

அண்மையில், வடமாகாணத்தின் பொருளாதார எதிர்காலம் பற்றி யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற வர்த்தக மாநாடு ஒன்றுக்கு உயர்தர வகுப்பு மாணவர் சிலரை அழைத்துச் சென்றிருந்தேன். இத்தகைய கூட்டங்கள் இங்கு புதியன அல்ல. 2009இல் போர் முடிந்தது. 2010ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே யாழ்ப்பாணத்தில் சர்வதேச வர்த்தகக் கண்காட்சி ஆரம்பமாயிற்று. அதன்பின் கண்காட்சிகளும் முதலீட்டு மாநாடுகளும் கருத்தரங்குகளும் வழமையான நிகழ்ச்சிகளாகிவிட்டன. மேடையில் இருப்போர் மாறுகின்றனர். பேச்சு அதிகம் மாறுவதில்லை. எனவே தனியொரு மாநாட்டை அன்றி, அந்தப் பேச்சு வகையையே இங்கு ஆராய முனைகின்றேன்.

அப்பேச்சைக் கேட்கும் தமிழாசிரியன் ஒருவனுக்கு முதலிற் புலப்படுவது, அதில் வினைமுதல் மறைந்து நிற்பதாகும். 'வாய்ப்புக்கள் உருவாக்கப்படும்', 'காணிகள் அபிவிருத்திக்கு ஒதுக்கப்படும்', 'இளைஞர்கள் பயிற்றப்படுவர்' என்ற செயப்பாட்டு வினைகளே மேடையெங்கும் ஒலிக்கின்றன. உருவாக்குபவர் யார்? காணி யாருடையது? பயிற்றப்பட்டவர் எவ்வளவு சம்பளத்துக்கு வேலை செய்வர்? இவ்வினாக்களுக்கு அந்த வாக்கியங்களில் இடமில்லை. அடுத்து, மனிதன் அங்கே 'மனிதவளம்' ஆகின்றான். நிலவளம், கடல்வளம் என நீளும் பட்டியலில் அவனும் ஒரு வளமாக எண்ணப்படுகின்றான். வளம் பயன்படுத்தப்படுவது, அது பேசுவதில்லை, பங்கு கேட்பதுமில்லை.

இரண்டாவது பண்பு, வரலாற்றை மறத்தல். 2009க்கு முன்னர் வடபுலம் வெறுந்தரையாகக் கிடந்தது என்றும், முதலீட்டாளரின் வருகையோடுதான் அங்கு பொருளாதாரம் தொடங்குகின்றது என்றும் ஒரு தோற்றம் உருவாக்கப்படுகின்றது. காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் மூடப்படும்வரை பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வோடு பிணைந்திருந்தது. பரந்தனில் அரசின் இரசாயனத் தொழிற்சாலை இயங்கியது. 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் யாழ்ப்பாணக் கமக்காரர் தலைநிமிர்ந்து நின்றனர். காணியற்ற கூலி உழைப்பாளருக்கு அந்தச் செழிப்பிற் சிறு பங்கே கிட்டியது என்பதும் மறைக்கத் தகாத உண்மை. 1977இல் வந்த திறந்த பொருளாதாரம் அக்கமக்காரரின் சந்தையைத் தாக்கியது. தொடர்ந்து வந்த போர் எஞ்சியதைச் சிதைத்தது. இவ்வாறு அழிக்கப்பட்ட ஒன்றை 'பின்தங்கியது' என்று வர்ணிக்கும்போது, அழித்த காரணிகள் கேள்விக்கு அப்பாற் சென்றுவிடுகின்றன.

நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 40க்கும் மேற்பட்ட பங்கு மேல்மாகாணத்துக்குரியது. வடமாகாணத்தின் பங்கோ இருபதில் ஒன்றையே அண்டி நிற்கின்றது. மாநாட்டு மேடையில் இவ்வேற்றத்தாழ்வு ஒரு 'வாய்ப்பு' எனப்பட்டது. கூலி குறைவாக உள்ள இடமே முதலுக்கு வாய்ப்பான இடம் என்ற பொருளிற் கொண்டால், அச்சொல் பொருத்தமானதே!

மூன்றாவதாக, சொல்லப்படாதவற்றைக் கவனிக்க வேண்டும். போருக்குப் பின் வீதி வந்தது. 2014இல் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதமும் மீண்டும் வந்தது. அவற்றோடு வங்கிகளும் குத்தகைக் கம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் வந்தன. உழைப்புக்கு வழி திறக்குமுன் கடனுக்கு வழி திறக்கப்பட்டது. கிழமைதோறும் வாசலுக்கு வரும் கடன் சேகரிப்பாளனுக்கு அஞ்சி வாழும் பெண்களின் நிலை முற்றியபோது, வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை 2018இல் அரசே அறிவிக்க நேர்ந்தது. நான் கேட்ட உரைகளில் இதைப் பற்றி ஒரு வாக்கியமேனும் இருக்கவில்லை. 'நிதிச் சேவைகளின் விரிவு' என்ற புகழுரை மாத்திரம் இருந்தது.

கடற்றொழில் பற்றிய உரையும் அத்தகையதே. ஏற்றுமதி, குளிரூட்டல், பொதியிடல் பற்றியெல்லாம் விரிவாகப் பேசப்பட்டது. 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏற்றப்பட்டபோது சிறுபடகுத் தொழிலாளி என்ன ஆனான் என்பது பேசப்படவில்லை. இழுவைமடித் தொழிலை 2017இல் இலங்கை சட்டத்தாற் தடை செய்த பின்னரும், பாக்கு நீரிணையைக் கடந்துவரும் இழுவைப்படகுகள் அவனுடைய வலைகளை அறுப்பது நின்றபாடில்லை, அதுவும் பேசப்படவில்லை.

இவ்வாறு கூறுவதால் வர்த்தகர் கூடிப் பேசுவதே தவறு என்று நான் வாதிடுவதாக எவரும் கருதவேண்டியதில்லை. விளைபொருளைப் பாதுகாக்கும் களஞ்சியமும் சீரான போக்குவரத்தும் நியாயமான சந்தையும் கமக்காரருக்கும் தேவை. கிராமத்துச் சிறுகடைக்காரரும் பெரும் முதலின் போட்டியில் நசுங்குபவரே. ஆனால், உற்பத்தியாளர் தாமே ஒன்றுகூடிச் சந்தையை எதிர்கொண்ட மரபும் இம்மண்ணுக்கு உண்டு. மலையாளத்துக்குப் புகையிலை அனுப்பிய யாழ்ப்பாண விவசாயிகள் 1930களிலேயே கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்தனர். அதே காலத்திற் பிறந்த மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலையும் அம்மரபின் சாட்சியாகும். மாநாட்டு அரங்கில் ஒலித்த நூற்றுக்கணக்கான ஆங்கிலக் கலைச்சொற்களிடையே 'கூட்டுறவு' என்ற சொல்லை நான் கேட்கவில்லை.

குற்றம் மேடையில் இருந்தோரிடம் மாத்திரமா? நம் இலக்கியத்தையும் நாம் விசாரிக்கவேண்டும். கே. டானியலின் 'பஞ்சமர்' சாதிக் கொடுமையைக் காணியுடைமையிலிருந்தும் கூலி உழைப்பிலிருந்தும் பிரிக்காமற் காட்டியது. யாருக்குக் காணி உண்டு, யார் யாருடைய காணியில் உழைக்கின்றனர் என்ற கேள்வி அந்நாவலின் உயிர்நிலை. அக்கேள்வி இன்றும் தீரவில்லை. எனினும் போரின் துயரை எழுதத் துணிந்த நம் எழுத்தாளர், போருக்குப் பின் வந்த கடன் புத்தகத்தைப் போதிய அளவு எழுதவில்லை. அடகு வைத்த நகை, தவணை தவறியதாற் பறிக்கப்பட்ட முச்சக்கர வண்டி, வன்னியின் ஆடைத் தொழிற்சாலைக்கு விடியுமுன் பேருந்தேறும் பெண் ஆகியோரின் கதைகள் இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. நாம் விட்டுவைத்த இடத்தையே மாநாட்டு உரைகள் நிரப்புகின்றன.

கூட்டம் முடிந்து திரும்பும் வழியில் மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், எல்லாரும் முதலீடு முதலீடு எண்டு கதைச்சினம். கடனைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே?" அவளுடைய தாயார் மூன்று இடங்களிற் கடன்பட்டவர் என்பதை நான் அறிவேன். அடுத்த ஆண்டு அவள் படிப்பைத் தொடர்வாளா என்பதும் அக்கடன்களையே பொறுத்தது. பேராளர் எவரும் எழுப்பாத கேள்வியை எழுப்பிய அவளே அன்றைய மாநாட்டின் தலைசிறந்த விமர்சகர் என்பேன்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இத்தகைய உரைகளையும் அறிக்கைகளையும் படிக்காமல் ஒதுக்காதீர்கள். அவற்றை வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு செயப்பாட்டு வினைக்கும் வினைமுதலைத் தேடும்படி மாணவரிடம் சொல்லுங்கள். காணி யாருடையது, கடன் யாருக்கு, கூலி எவ்வளவு என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு பக்கத்திலும் கேட்கப் பழக்குங்கள். நம் பாடசாலைகளில் இலக்கணம் பரீட்சைக்காக மாத்திரமே கற்பிக்கப்பட்டு வந்திருக்கின்றது. அதற்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்பதைக் கடனாளிகளின் பிள்ளைகள் அறியட்டும்.