அரத்துக்குத் தரும் கூலி

"இத்தனூண்டு பித்தளைக்கா இவ்வளவு?" என்று சாவிக்காரரிடம் பேரம் பேசுபவர்கள் அவர் கையைக் கவனிப்பதில்லை. உள்ள ஒரே சாவியும் தொலைந்துபோன பழைய காருக்கு, புதுச்சேரி நேரு வீதி இரைச்சலுக்கு நடுவிலும், அவர் பல் வெட்டாத சாவியைப் பூட்டில் நுழைத்து லேசாகத் திருகுகிறார். உள்ளிருக்கும் மெல்லிய தகடுகள் அதில் மயிரிழைத் தடம் பதிக்கின்றன. வெயிலில் சாய்த்துப் பார்த்து, தடம் விழுந்த இடத்தில் மட்டும் அரத்தால் 'சரக், சரக்' என்று இரண்டு இழுப்பு. மறுபடி நுழைத்தல், மறுபடி பார்த்தல். ஓர் இழுப்பு கூடிவிட்டால் சாவி குப்பைக்குத்தான். கூலியில் பெரும்பங்கு, நிறுத்தத் தெரிந்த அந்த விரல்களுக்கு.

மெஷின் நொடியில் வெட்டித் தருமே என்றால், அதற்கு மாதிரிச் சாவி வேண்டும். மாதிரி தேய்ந்திருந்தால் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுக்கும். சிப் வைத்த சாவிக்கு அரம் மட்டும் போதாது என்பது நியாயமான வாதம்: கதவு திறக்கும், எஞ்சின் கிளம்பாது. சிப்பைக் காரின் கணினி ஏற்கும்படி பதிவுசெய்ய வேண்டும். செலவும் ஆயிரங்களில் போகும். அங்கே அரம் தோற்கிறது, ஒப்புக்கொள்ளலாம். கள்ளச்சாவிக்கும் இதே கைதானே என்பார்கள். அதனால்தான் நல்ல சாவிக்காரர் அரத்தைத் தொடுமுன் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்கிறார்.