பயணம் மாற்றாத உளி: வை. கணபதி ஸ்தபதியின் பாணியில் பயிற்சியும் பயணமும்

முன்னுரை

ஒரு சிற்பியின் பாணி எங்கே மாறியது எனத் தேடும் ஆய்வாளர், அவர் எங்கெங்கே சென்றார் என்பதையே முதலில் நோக்குவது வழக்கம். ரஷ்யச் சிற்பி செர்கெய் கோனென்கோவின் (1874–1971) கலைவாழ்வை மாஸ்கோ, இத்தாலி, கிரேக்கம், அமெரிக்கா எனப் பகுத்துக் காண்பது இதற்கு எடுத்துக்காட்டு. இவ்வளவுகோல் தமிழ் மரபுச் சிற்பிக்கும் பொருந்துமா என்பதை வை. கணபதி ஸ்தபதியை (1927–2011) முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

பயிற்சி

பிள்ளையார்பட்டிச் சிற்பியர் குடும்பத்தில் பிறந்த கணபதி ஸ்தபதி, தந்தை வைத்தியநாத ஸ்தபதியிடம் தொழிலும் கல்லூரியில் கணிதமும் பயின்றார். மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கப்பட்ட சிற்பப் பயிற்சி நிறுவனத்தின் பொறுப்பைத் தந்தைக்குப்பின் ஏற்றார். இரு கல்வியும் சந்திக்கும் இடம் அளவு. முக நீளத்தை அலகாகக் கொள்ளும் தாலமானத்தில் உருவம் முதலில் கணக்காகவே பிறக்கிறது.

2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட குமரித் திருவள்ளுவர் சிலை இதற்குச் சான்று. மொத்த உயரமான 133 அடி குறளின் அதிகாரத் தொகையையும், 38 அடிப் பீடம் அறத்துப்பாலையும், 95 அடி உருவம் ஏனைய இரு பால்களின் அதிகாரங்களையும் குறிக்கின்றன. கருங்கற்களை அடுக்கி எழுப்பிய அவ்வுயரத்திலும் இடையின் மெல்லிய வளைவை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

பயணம்

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் அமைந்த இறைவன் கோயிலை வடிவமைத்தவர் இவரே. அதற்கான கற்கள் பெங்களூரு அருகே செதுக்கப்பட்டுக் கடல் கடந்தன. இங்கே பயணம் செய்தது கல். பாணி நின்ற இடத்திலேயே நின்றது.

பெரு, மெக்சிகோ நாடுகளுக்குச் சென்றபோதும் அவர் புதிய வடிவம் எதையும் கொண்டுவரவில்லை. அங்குள்ள தொல்கட்டடங்களில் வாஸ்து அளவுமுறையைக் கண்டதாகக் கூறி, மாயன் நாகரிகத்தைத் தமிழ் மரபின் மாமுனி மயனோடு இணைத்தார். இக்கூற்றை ஏற்பது கடினம். பெருவின் மச்சு பிச்சு, கி.பி. 15ஆம் நூற்றாண்டின் இன்காக்கள் எழுப்பியது. மாயன் மக்கள் தென் மெக்சிகோ, குவாத்தமாலா பகுதியினர். மேலும், சிறிய அலகு ஒன்றைக் கையில் கொண்டு அளப்பவர், எந்தக் கட்டடத்திலும் அதன் மடங்குகளை ஏறத்தாழக் கண்டுவிட முடியும். பெயரொலியின் ஒற்றுமை வரலாற்றுச் சான்றாகாது.

ஆயினும் இப்பிழையை நகைத்து ஒதுக்குவதும் முறையன்று. ஸ்தபதியைக் கைவினைஞர் என்ற அளவில் நிறுத்திய கல்வியுலகின்முன், தம் தொழில் ஓர் அறிவுத்துறை என நிறுவ அவர் முயன்றார். அந்தக் கோரிக்கை நியாயமானது. அதற்கு மயனின் கடற்பயணம் தேவையில்லை; குமரிமுனைச் சிலையே போதும்.

முடிவுரை

கணபதி ஸ்தபதியிடம் பயணம் பாணியை மாற்றவில்லை; பாணியைப் பற்றிய அவரது விளக்கத்தையே விரித்தது. எதைக் காண வேண்டும் என்பதைப் பயிற்சி முன்னரே வகுத்துவிட்டது. எனவே மரபுச் சிற்பியரை ஆராய்வோர் அவர்தம் படைப்பையும் அதுபற்றிய அவர்தம் கூற்றையும் பிரித்து மதிப்பிடல் வேண்டும். கொங்கு நாட்டுத் திருமுருகன்பூண்டிச் சிற்பக்கூடங்களை ஆராயும்போதும், சிலைகள் சென்ற ஊர்களைப் பட்டியலிடுவதற்கு முன் அங்கே அளவு எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்று கேட்பதே பயன் தரும்.