துரை பெல்லட் தின்கிறார்!

முழுசாக வளர்ந்த வெள்ளி அரோவனா ஒன்று, நீர்மட்டத்தில் மிதக்கும் பெல்லட்டைக் கண்டு, உடம்பை வளைத்துத் திரும்பி வந்து, 'டப்' என்ற சத்தத்தோடு உறிஞ்சி விழுங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்கவில்லை என்றால் இந்தப் பிறவியில் உங்களுக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. பூச்சியைப் பிடிப்பது அதன் இயல்பு. சின்ன மீனை விரட்டுவதும் இயல்பு. ஆனால், அமேசான் காட்டு மரங்களிலிருந்து விழும் வண்டுகளுக்காகவே மேல்நோக்கிப் பிளந்த அந்த வாய், உயிரோ அசைவோ இல்லாத ஒரு தீவனக் குச்சியை 'இது என் சாப்பாடு' என்று ஏற்றுக்கொள்கிற கணம் இருக்கிறதே! மீன் வளர்ப்பில் அதற்கு ஈடாக நான் எதையும் கண்டதில்லை.

எங்கள் வீட்டு முன்னறையில் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு தொட்டி. அதில் வாழ்பவர் பெயர் துரை. நீலகிரியின் சேரங்கோடு என்ற இந்த ஊரில் எங்களைப் போன்ற பலரும், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி, அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு அமர்ந்தவர்களின் வழி வந்தவர்கள். தோட்டத்து அதிகாரி என்றால் துரை. அவருக்குக் கீழே சின்னதுரை. தாடையிலிருந்து துருத்தி நிற்கும் இரண்டு மீசையோடு, யாரையும் சட்டை செய்யாமல் மேல்தண்ணீரில் உலா வந்த விரல் நீளக் குட்டியைப் பார்த்த மாத்திரத்தில் என் மகள் "அப்பா, இவரு சின்னதுரை" என்றாள். இரண்டடியைத் தொட்டதும் பதவி உயர்வு கிடைத்துப் பெரியதுரை ஆகிவிட்டார்.

தமிழ்நாட்டில் அரோவனா என்றாலே 'வாஸ்து மீன்' என்பார்கள். சென்னை கொளத்தூர் மீன் சந்தைக்குப் போனால், காசு சேரும் என்று கேட்டு வாங்கிப் போகிறவர்களைப் பார்க்கலாம். எனக்கு இதை வைத்துக்கொள்ள அந்தக் காரணமே வேண்டாம். நாக்கில் எலும்பும் பல்லும் கொண்ட மிகப் பழைய மீன் பரம்பரை இது. சொந்தக்காரர்கள் தென் அமெரிக்காவில், ஆப்பிரிக்காவில், ஆஸ்திரேலியாவில், தென்கிழக்கு ஆசியாவில் எனப் பரந்து கிடக்கிறார்கள். நம் ஆறுகளில் திரியும் சொட்டை வாளைகூட இதே வரிசைதான். முட்டையையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காப்பது அப்பா மீன். குஞ்சுகள் வாயை விட்டுப் போகும்வரை வாரக்கணக்கில் அந்த மனிதர், மன்னிக்கவும், அந்த மீன் ஒழுங்காகச் சாப்பிடுவதுகூட இல்லை. இப்படிப்பட்ட ஓர் உயிர் வீட்டில் இருப்பதே அதிர்ஷ்டம்தானே!

சரி, பூச்சி தின்னும் மீனுக்குப் பூச்சியே போட்டுவிட்டுப் போகலாமே, பெல்லட் எதற்கு? சமவெளிக்காரர்கள் கேட்கலாம். சேரங்கோட்டில் ஒரு ஜூன் மாதம் இருந்து பார்த்தால் கேட்க மாட்டார்கள். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் மழை அளவுச் செய்தியில் தேவாலா, பந்தலூர் பெயர்கள்தான் முன்னால் வரும். மரம் விழும், மண் சரியும், பஸ் நிற்கும், கரண்ட் போகும். கடையில் வாங்கும் உயிர்ப்புழுவும் குட்டி மீனும் சுல்தான் பத்தேரியிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோதான் வர வேண்டும். மூன்று நாள் சாலை அடைத்தால் துரைக்குப் பட்டினி.

சுற்றிலும் பச்சையாகத்தானே இருக்கிறது, வெட்டுக்கிளிக்கா பஞ்சம் என்று தோன்றும். தேயிலைக் காட்டு வெட்டுக்கிளியைக் கனவிலும் போடாதீர்கள்! தேயிலைக் கொசுவுக்கும் சிவப்புச் சிலந்திக்கும் மருந்து அடிக்கும் செடி அது. அதைத் தின்ற பூச்சி, பூச்சியைத் தின்ற மீன் என்று விஷம் ஏறிக்கொண்டே போகும். ஓடைத் தவளை? வேண்டவே வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளில் பல, உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை, அழிவின் விளிம்பில் நிற்பவை. என் மீன் கொழுப்பதற்காக இந்த மண்ணின் உயிரைக் காலி செய்வது எந்த நியாயம்? கடையில் தீனியாக விற்கிற கோல்டு ஃபிஷ் குஞ்சுகளிலும் வில்லங்கம் உண்டு. அவற்றோடு நங்கூரப்புழுவும் குடற்புழுவும் தொட்டிக்குள் வந்து சேரும். போதாக்குறைக்குக் கோல்டு ஃபிஷ்ஷின் உடம்பில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. அதையே தின்று வளரும் அரோவனா வயிறு நிறைந்தும் சத்தில்லாமல் வாடும்.

ஆக, நல்ல மிதக்கும் பெல்லட்தான் வழி. அதற்குப் பழக்குவதைப் பற்றிச் சொல்லத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இதைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது "பட்டினி போடுங்கண்ணே, பசிச்சா தானா திங்கும்" என்பதைத்தான். வளர்ந்த, ஆரோக்கியமான அரோவனா ஒரு வாரம் சாப்பிடாமல் தாங்கும், உண்மை. ஆனால் குட்டியைப் பட்டினி போட்டால் முதுகு மெலிந்து, பிறகு தேறவே தேறாது. என் அனுபவத்தில் பசி இந்த வித்தையில் நாலில் ஒரு பங்குதான். அரோவனா வயிற்றால் முடிவெடுக்கும் மீனே அல்ல. கண்ணாலும், உடம்பின் இரு பக்கமும் ஓடுகிற உணர்கோட்டாலும்தான் முடிவெடுக்கும். வெள்ளக் காலத்தில் அமேசான் ஆறு காட்டுக்குள் புகுந்து மரங்களையே மூழ்கடிக்கும்போது, கிளையிலிருந்து வண்டோ சிலந்தியோ தண்ணீரில் விழும். அந்த 'தொப்', அந்தச் சின்ன அலை, மேலே தெரிகிற நிழல், இந்த மூன்றும் சேர்ந்தால் பாய்ச்சல். கிளையில் இருக்கும்போதே தாவிப் பிடிப்பதும் உண்டு. ஐந்தாறு அடி உயரம் எகிறும். அதனால்தான் எங்கள் தொட்டி மூடியின் மேல் எப்போதும் கனமாக ஏதாவது ஏற்றி வைத்திருப்போம். ருசி பார்ப்பதெல்லாம் வாய்க்குள் போன பிறகுதான். ஆகவே பெல்லட்டை விழுகிற பூச்சியாக்கிக் காட்டிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது!

துரை பத்து அங்குலம் வளர்ந்திருந்தபோது வேலையைத் தொடங்கினேன். முதல் காரியம் தண்ணீர். எங்கள் ஊற்றுத் தண்ணீர் குளோரின் இல்லாத மென்மையான தண்ணீர், அமேசான் மீனுக்கென்றே மலை அனுப்பி வைத்த மாதிரி. குளிர்தான் சேராது. ஊட்டி அளவுக்கு இல்லாவிட்டாலும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் தொட்டி சில்லிட்டுவிடும். சில்லிட்ட தண்ணீரில் மீனுக்குப் பசியே எடுக்காது. ஹீட்டர் போட்டு 28 டிகிரியில் நிறுத்திய பிறகுதான் துரைக்குச் சாப்பாட்டில் நாட்டமே வந்தது. கரண்ட் போகும் நாளுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப்.

அடுத்தது இடமும் நேரமும். ஏர் பம்ப்பின் பிளாஸ்டிக் குழாயை வளைத்து முனைகளைச் சேர்த்தால் மிதக்கும் வளையம் ஒன்று கிடைக்கும். இனி எல்லாச் சாப்பாடும் அந்த வளையத்துக்குள்தான், விளக்குப் போடும் நேரத்தில்தான். ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி வளையத்தைக் கட்டிவிட்டேன். அங்கே போடும் எதையும் அலை ஆட்டிக்கொண்டே இருக்கும். அசையாத பெல்லட்டுக்கு உயிர் கொடுக்க இதைவிட எளிய வழி கிடையாது. முதலில் கடையில் வளர்த்து விற்கும் மீல் வார்ம் புழுக்களை வளையத்துக்குள் போட்டேன். கொஞ்ச நாளில், நான் நாற்காலியை இழுத்தாலே துரை வளையத்துக்கு அடியில் வந்து நிற்கத் தொடங்கினார். ஐயோ, அந்த நிற்பு! மேலே பார்த்த கண், விறைத்த மீசை, சுருக்கி வைத்த வால்!

பிறகு இறால். ஓடு உரித்த துண்டைக் கீறி, உள்ளே ஒரு பெல்லட்டைச் செருகி, விழுங்க வைத்தேன். நாள் போகப்போக இறாலை மெலிதாக்கி, பெல்லட் வெளியே தெரியும்படி செய்தேன். இந்தக் கட்டத்தில்தான் அரோவனா துப்பும். நாக்கில் இருக்கிற எலும்பாலும் பல்லாலும் இரையை மேல்வாயோடு வைத்து அழுத்திப் பார்க்கும் மீன் அது. உலர்ந்த பெல்லட் கடிபடும்போது பூச்சியின் பதம் இருக்காது, துப்பிவிடும். அதில் சோர்ந்து போகவே கூடாது! இறால் அலசிய தண்ணீரில் பெல்லட்டைச் சிறிது நேரம் ஊறவைத்துப் பஞ்சு பதத்தில் கொடுத்தால், மணமும் வரும், மென்மையும் வரும். ரொம்ப ஊறினால் கரைந்து தண்ணீரைக் கெடுக்கும். விரலால் அழுத்தினால் உடையாமல் அமுங்க வேண்டும், அதுதான் பதம். தின்னாமல் விட்டதை வலையால் உடனே எடுத்துவிட வேண்டும்.

இதோடு இரண்டு வித்தைகள். ஒன்று, வளையத்துக்குள் இரண்டு மூன்று புழுக்களோடு ஊறிய பெல்லட்டுகளையும் கலந்து தூவுவது. பாய்கிற வேகத்தில் கூட்டத்தோடு கோவிந்தா என்று பெல்லட்டும் உள்ளே போய்விடும். இரண்டாவது என் மனைவியின் யோசனை, அதுதான் பொன்னான யோசனை. "தனியா உக்காந்து சாப்பிடச் சொன்னா யாருக்குங்க எறங்கும்?" என்றார். பந்தியில் பக்கத்து இலைக்கு வடை விழுந்தால் நம் கண் போகாதா? கையகலத்துக்கு வளர்ந்த சில்வர் டாலர் மீன்கள் நாலைந்து வாங்கி விட்டேன். அவை பெல்லட் என்றால் பறந்து வரும். வளையத்துக்குள் அவை கொத்துவதைத் துரை முதலில் ஒதுங்கி நின்று பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்தார். பிறகு அவற்றை விரட்டினார். விரட்டியதும் எனக்குப் புரிந்துவிட்டது, அந்தச் சாப்பாட்டுக்கு இப்போது மதிப்பு வந்துவிட்டது என்று.

ஒரு சாயங்காலம் வெளியே ஆடி மழை கொட்டிக்கொண்டிருந்தது. புழு இல்லை, இறால் இல்லை, ஊறவைக்கவும் இல்லை. டப்பாவிலிருந்து எடுத்த உலர்ந்த பெல்லட் ஒன்றை, சற்று உயரத்திலிருந்து வளையத்துக்குள் விட்டேன். 'தொப்'. துரை தொட்டியின் மறு கோடியில் இருந்தார். திரும்பினார். ஆறடியையும் ஒரே வீச்சில் கடந்து வந்து, டப்! மென்றார். துப்பவில்லை. மறுபடி வளையத்துக்கு அடியில் வந்து நின்று மேலே பார்த்தார். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுச் சேச்சி குடையோடு ஓடி வந்து "எந்தா பற்றியது?" என்று கேட்டார். "துரை பெல்லட் சாப்ட்டாரு சேச்சி!" என்றேன். அவரும் நின்று பார்த்தார். அடுத்த பெல்லட்டை அவர் கையாலேயே போடச் சொன்னேன். அதையும் தின்றார்!

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாமே சுலபம். தண்ணீர் கண்ணாடி போல் தெளிந்திருக்கிறது. செதிலில் வெள்ளிப் பளபளப்பும், வெளிச்சம் சாய்ந்து விழும்போது ஓடும் இளஞ்சிவப்பும் நீலமும் கூடியிருக்கின்றன. தொட்டியில் வளரும் பெரிய அரோவனாக்களுக்கு வருகிற 'ட்ராப் ஐ', அதாவது கண் கீழ்நோக்கித் தொங்கிவிடும் கோளாறு, துரைக்கு இல்லை. கொழுப்பு மிகுந்த தீனியும், அடியில் கிடப்பதைக் குனிந்து பார்த்தே தின்னும் பழக்கமும் அதற்குக் காரணம் என்று வளர்ப்பவர்கள் பலர் நம்புகிறார்கள். மிதக்கும் பெல்லட்டில் இரண்டு தொல்லையும் கிடையாது. ஜப்பானிலிருந்து வரும் ஹிக்காரியின் ஃபுட் ஸ்டிக்ஸ் துரைக்கு உயிர். மேல்தண்ணீரில் தின்னும் மீன்களுக்கென்றே செய்த குச்சி அது, மணிக்கணக்கில் மிதக்கும். எந்தக் கம்பெனி தீவனம் வாங்கினாலும் புரதம் 40 சதவீதத்துக்குக் குறையாமல், மீன் மாவு முதலிடத்தில் இருக்கிறதா என்று அட்டையைப் படியுங்கள். எங்கள் ஊர் ஈரத்தில் திறந்து வைத்த பெல்லட் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். சின்னச் சின்ன டப்பாவாகப் பிரித்து, காற்றுப் புகாமல் மூடி, ஒன்று தீர்ந்த பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். பெல்லட்டே கதி என்றும் விட்டுவிடவில்லை. வாரம் ஒருமுறை புழுவோ இறாலோ உண்டு, துரை பதவியில் இருப்பவருக்கு அந்த மரியாதை வேண்டாமா!

ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாங்கினால் வெள்ளி அரோவனா வாங்குங்கள். சிவப்பும் தங்கமுமாக ஜொலிக்கும் ஆசிய அரோவனா, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையில் உள்ள இனம். பதிவு பெற்ற பண்ணையில் பிறந்து, மைக்ரோசிப் வைத்து, சான்றிதழோடு வருவதைத்தான் தொடலாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, அதை வைத்திருப்பவர்கள் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதியவும் வேண்டும். வெள்ளி அரோவனாவுக்கு இந்தக் கட்டு இல்லை. ஆனால் வேறொரு கட்டு உண்டு. பெரிதாகிவிட்டது, இடம் போதவில்லை என்று எந்த மீனையும் ஓடையில் விட்டுவிடக் கூடாது. 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு அங்கே ஆறுகளில், அரோவனாவின் சொந்தக்கார ராட்சதனான அரபைமா வலையில் சிக்கியது. நம் பக்கத்துப் புன்னம்புழையும் பாண்டியாறும் கேரளத்துச் சாலியாற்றுக்குத்தான் போகின்றன. ஆறடித் தொட்டிக்கு இடமும், பத்துப் பதினைந்து வருடம் பார்த்துக்கொள்ளும் மனசும் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

சேரம்பாடி, ஐயன்கொல்லி, எருமாடு பக்கம் யாரிடமாவது இப்போது குட்டி அரோவனா இருக்கிறதா? ஏப்ரலிலேயே வளையத்தை மிதக்கவிட்டு ஆரம்பித்துவிடுங்கள். அப்போது தண்ணீர் தானாகவே வெதுவெதுப்பாக இருக்கும், மீனுக்கும் நல்ல பசி எடுக்கும், பத்தேரியிலிருந்து இறாலும் தவறாமல் வரும். மழை பிடிப்பதற்குள் உலர் பெல்லட்டுக்கு வந்துவிடலாம். இறால் தண்ணீரில் ஊறவைக்கும் பதம் பிடிபடவில்லை என்றால், எங்கள் வீட்டுக்கு வாருங்கள், கையிலேயே தொட்டுக் காட்டுகிறேன். சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்துக்கு வந்தால் பெரியதுரைக்கு நீங்களே பெல்லட் போடலாம்.