தள்ளுவண்டியோடு நின்றுவிடும் சட்டம்

2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் பிறகு 17ஆம் தேதி தமிழ்நாட்டிலும் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை வந்தது. மாதிரிகளில் ரோடமின்-பி இருந்தது ஆய்வில் உறுதியானதே காரணம். துணிக்கு ஏற்றும் அந்தச் சாயத்துக்கு உணவில் துளியும் இடமில்லை. கடலூர் சில்வர் பீச்சில் பிள்ளைகள் அடம்பிடித்துக் கேட்கும் பண்டம் என்பதால், தடையை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அதன் பாரம் முழுவதும் தள்ளுவண்டிக்காரர் தலையில்தான் விழுந்தது.

2011 ஆகஸ்ட் 5 முதல் நடப்பில் உள்ள உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் நல்ல சட்டம். 1954ஆம் ஆண்டுக் கலப்படத் தடைச் சட்டத்தில் சிறு தவறும் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போய் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. இப்போது தரக்குறைவு, தவறான லேபிள் போன்றவற்றை மாவட்ட வருவாய் அலுவலரே விசாரித்து அபராதம் விதிக்கலாம். பகுப்பாய்வு அறிக்கை 14 நாளில் வர வேண்டும். வாங்குபவரும் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். குறை உறுதியானால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கடைவாசலில் எழுதி வைக்க வேண்டிய உரிமை இது.

சிக்கல், கண்ணுக்குத் தெரியாததை அளக்கும்போது வருகிறது. சூடான பஜ்ஜியைச் செய்தித்தாளில் வைத்தால் எண்ணெய் ஊறி, மை பஜ்ஜியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். 2019 ஜூலை 1 முதல் அதற்குத் தடை. சிதம்பரம் கீழவீதியில் நின்று தின்பவரே, கடைக்காரர் வாழையிலைத் துண்டில் தருகிறாரா என்று பார்த்துக் கேட்டுவிடலாம். ஆனால் அந்த பஜ்ஜியைச் சுடும் எண்ணெயில், திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது பெருகும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் விதி இருக்கிறது. மாலை முழுக்க பஜ்ஜி சுட்டெடுக்கும் ஓர் அம்மா இதை எதை வைத்து அளப்பார்? மீன் கெடாமலிருக்கக் கலக்கும் பார்மலினைச் சில நிமிடங்களில் காட்டும் தாள்பட்டையைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியது. அத்தகைய எளிய கருவிகள் துறைமுக மீன் ஏலத்துக்கும் பஜ்ஜிக் கடைக்கும் வர வேண்டும்.

கலர் பொடி விஷயம் இன்னும் மோசம். அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டே எட்டு. அனுமதி பெற்ற ரோஸ் நிறமும் ரோடமினும் சர்க்கரையில் கலந்த பிறகு பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உணவுப் பொருளை விற்கும் விநியோகஸ்தர் தரும் பில்லையே தர உத்தரவாதமாகச் சட்டம் ஏற்கிறது. பெயரில்லாத பொட்டலத்தில் பொடி வாங்கியவரிடம் அந்தப் பில் ஏது? தொழிற்சாலைச் சாயமாக விற்றவரோ உணவுச் சட்டத்தின் வரம்புக்குள்ளேயே வருவதில்லை. மாதிரி எடுப்பதும் வழக்குப் போடுவதும் கடைசிக் கையோடு முடிந்துவிடுகிறது.

இதைச் சரிசெய்ய ஒரு முன்மாதிரி உண்டு. அமிலம் வாங்குபவரின் விவரங்களைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயத்தைச் சில்லறையில் விற்கும் கடைக்கும் மாநில அரசு அதே பதிவேட்டைக் கட்டாயமாக்க வேண்டும். மாதிரி எடுக்க வரும் உணவுப் பாதுகாப்பு அலுவலர், பொடி எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டு, அன்றே அந்தக் கடைக்கும் போக வேண்டும்.