வானவில்லும் வண்ணச்சக்கரமும்: ஏழு நிறக் கணக்கு குறித்த மறுவாசிப்பு

முன்னுரை

வானவில்லின் ஏழு நிறங்களே ஏனைய நிறங்களுக்கு அடிப்படை என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. ஓவியக் கல்வியோ சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றையே முதன்மை நிறங்கள் என்கிறது. இவ்விரு கூற்றுகளும் ஒரே பொருளைச் சுட்டுவனவாகக் கொள்ளப்படுவதே குழப்பத்தின் வேர். நியூட்டனின் எழுத்துகளை முன்வைத்து இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

ஏழு என்னும் எண்

1672-இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியான மடலில் நியூட்டன் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா ஆகிய ஐந்தை முதலில் நிறுத்துகிறார். ஆரஞ்சையும் கருநீலத்தையும் எண்ணிறந்த இடைநிறங்களோடு சேர்த்தே குறிப்பிடுகிறார். 1704-இல் வெளிவந்த 'ஒளியியல்' நூலில் அவ்விரண்டும் ஏனையவற்றோடு வரிசையில் இடம்பெறுகின்றன. அங்கு நிறவட்டம் இசைச் சுரங்களின் இடைவெளி விகிதப்படி ஏழு கூறுகளாகப் பகுக்கப்படுகிறது. நிறமாலையோ இடையறாத் தொடர்ச்சி. அதில் எல்லைக் கோடுகள் இல்லை. ஆகவே ஏழு என்பது இயற்கையில் கண்டறியப்பட்ட எண் அன்று. இசையோடு ஒப்புமை காணும் விழைவு வகுத்த எண் எனல் பொருந்தும்.

கோடும் வட்டமும்

நிறமாலை ஒரு கோடு. அது ஏறத்தாழ 400 நானோமீட்டர் அலைநீள ஊதாவில் தொடங்கி 700 நானோமீட்டர் சிவப்பில் முடிகிறது. வண்ணச்சக்கரம் அவ்விரு முனைகளையும் இணைக்கிறது. அவ்விணைப்பில் அமையும் மெஜந்தாவுக்குத் தனி அலைநீளம் இல்லை; வானவில்லின் வரிசையில் இடமும் இல்லை. சிவப்பும் ஊதாவும் கலந்து பிறக்கும் நிறம் பட்டகம் காட்டும் நிறங்கள் எதனையும் ஒத்ததன்று என்பதை நியூட்டனே ஒப்புகிறார். ஆயினும் தம் வட்டத்தில் அதற்குத் தனிக்கூறு ஒதுக்கவில்லை. 1810-இல் கெதே தம் நிறவட்டத்தின் உச்சியில் இந்நிறத்தையே வைத்தார். நியூட்டனின் இயற்பியலுக்குக் கெதே கூறிய மறுப்பு நிலைபெறவில்லை. எனினும் நிறத்தைக் காண்போரின் அனுபவமாகக் கொண்ட அவரது நோக்கு புறக்கணிக்கத்தக்கதன்று.

கண்ணின் பங்கு

விழித்திரையில் மூவகை உணர்கூறுகள் இருத்தல் கூடும் எனத் தாமஸ் யங் 1802-இல் முன்மொழிந்தார். இக்கருத்தே கோட்டையும் வட்டத்தையும் இணைக்கும் பாலம். 580 நானோமீட்டர் மஞ்சளொளியும், தக்க அளவில் கலந்த சிவப்பு, பச்சை ஒளிகளும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். முதன்மை நிறங்கள் மூன்றாவது கண்ணின் அமைப்பால், வானவில்லால் அன்று.

முடிவுரை

நிறமாலையின் முனைநிறத்தையும், சிவப்பும் நீலமும் சேர்ந்த கலவைநிறத்தையும் தமிழ் வழக்கு பெரும்பாலும் 'ஊதா' என்றே சுட்டுகிறது. அதனால் கோட்டுக்கும் வட்டத்துக்கும் உள்ள வேறுபாடு தமிழ்வழிக் கற்போர்க்கு எளிதில் மறைகிறது. இரண்டுக்கும் தனித்தனிக் கலைச்சொல் வரையறுப்பது நிறவியலைத் தமிழில் தெளிவாகக் கற்பிப்பதற்கு இன்றியமையாதது.