விடுதலை தந்தவரும் விடுதலை கொண்டவரும்

கதைகள் பொழுதைப் போக்குவதோடு நின்றுவிடுவதில்லை. வீரன் என்பவன் யார், விடுதலை எங்கிருந்து வரும் என்னும் எண்ணங்களை அவை படிப்போர் உள்ளத்தில் விதைத்துவிடுகின்றன. இக்காலத்து மாயக்கதைகளை நம் இளைஞர் நூலிலும் திரையிலும் பேரார்வத்தோடு நுகர்கின்றனர். அவற்றை வெறுத்தொதுக்குவது அறிவுடைமையாகாது. உரைத்துப் பார்த்து மாற்றுக் காண்பதே முறை. உரோமாபுரியை நடுங்கவைத்த அடிமை வீரன் ஸ்பார்ட்டகஸையே ஈண்டு உரைகல்லாகக் கொள்கின்றோம். நாம் கேட்க விழைவன இரண்டே கேள்விகள்: எழுந்தவர் யார்? எழுந்தபின் செய்தது யாது?

ஸ்பார்ட்டகஸ் திரேசிய நாட்டினன். பிறர் கண்டு களிக்கத் தம்முள் வெட்டி மடியும் வாட்போர் அடிமைகளுள் ஒருவன். கி.மு. 73இல் காப்புவா நகரத்துப் பயிற்சிக்கூடத்தினின்று தன் தோழரோடு தப்பினான். அவர்கள் 78 பேர் என்பது புளூட்டார்க் கூறும் கணக்கு. அவர்தம் முதற் படைக்கலம் அடுக்களையில் பறித்த கத்தியும் இரும்புக் கம்பியுமே. வெசூவியஸ் மலைமேல் அவர்களை முற்றுகையிட்ட உரோமப் படை, இறங்க ஒரு வழியே உண்டென்று இறுமாந்திருந்தது. அடிமைகளோ காட்டுக் கொடிகளை ஏணியாகப் பின்னிச் செங்குத்துப் பாறைவழியே இறங்கிப் பகைவரைத் தாக்கினர். மந்தை மேய்ப்போரும் வயலில் உழைப்போரும் வந்து சேரக் கூட்டம் பல்லாயிரமாயிற்று. கி.மு. 72இல் கான்சல் எனப்படும் ஆட்சித் தலைவர் இருவரின் படைகளும் தோற்றன. கிடைத்த பொருளை ஸ்பார்ட்டகஸ் யாவர்க்கும் சமமாகப் பங்கிட்டான் என்றும், பொன்னும் வெள்ளியும் தம்மவரிடம் வந்து சேரலாகாதென்று தடுத்தான் என்றும் அப்பியன் எழுதுகின்றார். கி.மு. 71இல் பெருஞ்செல்வனாகிய கிராஸஸின் படையோடு பொருது மாண்டான். பிடிபட்ட 6,000 பேர் காப்புவாவிலிருந்து உரோமாபுரிவரை சாலை நெடுகச் சிலுவையில் அறையப்பட்டனர்.

இனி, அமெரிக்க ஆசிரியர் ஜார்ஜ் மார்ட்டின் படைத்த டெனேரிஸைக் காண்போம். அவள் அரியணை இழந்த அரச குலத்தின் மகள்; மூன்று டிராகன்களுக்கு உரியவள். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வோர்ட்ஸ்' நூலில், அஸ்டபோர் நகரத்து அடிமைப் படையை விலைக்கு வாங்கி, அதைக்கொண்டே ஆண்டைகளை வீழ்த்துகின்றாள். அவள் ஆணையிட்ட பின்னரே அடிமைகளின் ஈட்டி உயர்கின்றது. விடுதலை பெற்றோர் அவளைத் தாயென்று போற்றுகின்றனர். மீரீன் நகரத்து ஆண்டைகள் வழியெங்கும் 163 அடிமைக் குழந்தைகளை மரத்தில் அறைந்து வைக்கின்றனர். நகரை வென்றபின் அவளும் தலைவர் 163 பேரை அவ்வாறே அறைகின்றாள். காப்புவாச் சாலையின் கொடுமை இக்காட்சியில் நிழலாடுகின்றது. ஆயினும் அங்கே அறையப்பட்டோர் எழுச்சியின் வீரர். இங்கே அறையப்பட்ட குழந்தைகளோ, அரசியின் சினத்திற்குக் காரணமாக மட்டும் கதையில் நிற்கின்றனர்.

மார்ட்டின் இக்குறையை அறியாதவர் அல்லர். மீரீனில் அடிமைகளும் எழுந்து பொருததை அவர் மறைக்கவில்லை. டெனேரிஸ் அகன்றதும் அஸ்டபோரில் கசாப்புக்காரன் ஒருவன் அரசனாகி, மீண்டும் சிறுவரை அடிமைப் படைக்குப் பிடிக்கின்றான். மீரீனிலோ, வாழ வழியற்றோர் தம்மைத் தாமே விற்றுக்கொள்ள அவளிடம் இசைவு கேட்கின்றனர். மேலிருந்து கொடுக்கப்பட்ட விடுதலை, கொடுத்தவர் முகம் திரும்பியதும் தேய்கின்றது. இவ்வுண்மையைக் கூறியவகையில் ஆசிரியரைப் போற்றுகின்றோம். எனினும் கதையின் கண் இறுதிவரை அரசியின்மேலேயே நிற்கின்றது. விடுதலை பெற்றவரின் உள்ளத்துள் நுழைந்து பார்ப்பது அரிதாகவே உளது.

சுசான் காலின்ஸ் 2008இல் தொடங்கிய 'ஹங்கர் கேம்ஸ்' கதைகள் இவ்வகையில் ஒருபடி முன்னிற்கின்றன. தம் கதைத்தலைவி காட்னிஸுக்கு ஸ்பார்ட்டகஸே முன்மாதிரி என்று ஆசிரியரே கூறியுள்ளார். அந்நாட்டின் பெயராகிய பானெம், இலத்தீனில் உணவைக் குறிக்கும் சொல். உணவும் கேளிக்கையும் கொடுத்து மக்கள் வாயை அடைத்த உரோம ஆட்சியை நினைவூட்டுவது. காட்னிஸ் சுரங்க விபத்தில் மாண்ட நிலக்கரித் தொழிலாளியின் மகள். ஆண்டுதோறும் 24 சிறுவரைக் கொலைக்களத்தில் மோதவிடும் ஆட்சியை எதிர்க்க, அவளிடம் இருப்பவை வில்லும் துணிவுமே. கிளர்ச்சி வென்றபின் அதன் தலைவி காயின், தோற்றவரின் பிள்ளைகளைக்கொண்டு அதே கொலைவிளையாட்டை நடத்த முற்படுகின்றாள். முதலில் இசைவு கூறிய காட்னிஸ், பழைய கொடுங்கோலனுக்கெனக் குறித்த அம்பைக் காயின்மேலேயே விடுக்கின்றாள்.

இவ்விடத்தில் ஸ்பார்ட்டகஸையும் நாம் விடுதற்கில்லை. தோழன் கிரிக்ஸஸ் மாண்டபோது உரோமக் கைதிகள் 300 பேரைப் பலியிட்டான் என்பர் அப்பியன். கைதிகளை வாட்போர் செய்யவைத்தான் என்பர் புளோரஸ். தன்னைச் சிதைத்த கொடுமையையே அவன் பிறர்மேல் ஏவினான். அடிமைமுறையையே வேரறுக்க எண்ணினான் என்று பண்டை நூல் எதுவும் கூறவுமில்லை. முதற் கேள்வியில் இமயமென நிற்கும் வீரன், இரண்டாங் கேள்வியில் தளர்கின்றான். வரலாறு விட்ட அக்குறையைக் காட்னிஸின் அம்பு நிறைக்கின்றது. கற்பனை வரலாற்றுக்குச் செய்யத்தக்க பணி இஃதே என்போம்.

ஸ்பார்ட்டகஸ் எழுதிய ஓர் ஏடும் நமக்குக் கிடைக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, அவனை வீழ்த்திய அரசின் கீழ் வாழ்ந்தோர் எழுதியவையே புளூட்டார்க், அப்பியன் நூல்கள். அவர்களாலும் அவன் திறமையை மறைக்க இயலவில்லை. ஆதலின் புதிய கதை புனைய முற்படும் நம் எழுத்தாளர் அரச குருதியையும் டிராகனையும் தேடி அலையவேண்டுவதில்லை. அடுக்களைக் கத்தியோடு எழுந்தவனை எழுதுக. அவன் வென்றபின் அக்கத்தியை என்செய்தான் என்பதையும் அஞ்சாது எழுதுக.