பாதை யார் போட்டது?

எம்.ஏ. தமிழில் ஒப்பிலக்கியத் தாளுக்காக வேர்ட்ஸ்வொர்த்தை ‘இயற்கைக் கவிஞர்’ என்று மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியவன் நான். வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்கு அவர் ஒரு பயண வழிகாட்டி எழுதியிருக்கிறார் என்று அப்போது யாரும் சொல்லித்தரவில்லை. 1810இல் வேறொருவரின் சித்திரத் தொகுப்போடு பெயரில்லாமல் வெளியாகி, 1835 வரை திருத்தித் திருத்தி வந்த பிரதி அது. அழகை உணரும் கண் படைத்தவர்க்கெல்லாம் அந்த மலைகளில் உரிமை உண்டு என்பது அதன் வாதம். சரி, அந்தக் கண் யாருக்கு உண்டு? 1844இல் விண்டர்மியர் பக்கம் ரயில் வரப்போகிறது என்றதும் அதே கவிஞர் எதிர்த்து எழுதினார். தொழிலாளர்களைக் கூட்டங்கூட்டமாக அங்கே இறக்குவதால் அவர்களுக்குப் பயனில்லை, ரசனை மெல்ல மெல்லத்தான் வளரும் என்றார். ஆக, ‘காட்சி’ என்பது மலையில் சும்மா கெடக்கிற பொருளல்ல; பார்க்கத் தகுதியுள்ளவன் யார் என்று பிரிக்கிற ஓர் ஏற்பாடு.

இன்றைய நடைவழிகாட்டிகள் இந்தப் பிரதியின் பேரப்பிள்ளைகள். எங்கே நின்றால் எது தெரியும் என்று சொல்வதில்தான் அவற்றுக்கு அக்கறை. மைன்ஹெட்டிலிருந்து பூல் துறைமுகம் வரை 630 மைல் ஓடும் தென்மேற்குக் கடற்கரைப் பாதையை எடுத்துக்கொள்வோம். அது ஏன் பாறை விளிம்பை ஒட்டியே போகிறது? ஒவ்வொரு சிறு குடாவையும் ஏன் எட்டிப்பார்க்கிறது? கள்ளக்கடத்தலைப் பிடிக்க 19ஆம் நூற்றாண்டில் கடலோரக் காவலர்கள் ரோந்து போன தடம் அதில் பெரும்பகுதி. இன்று நடப்பவன் வியக்கிற கடற்காட்சி, வேவு பார்க்கத் தேர்ந்த கோணம். காவல்காரன் கண்ணை இரவல் வாங்கித்தான் அழகைப் பார்க்கிறோம்.

மலைப்பாதையின் கதை வேறு. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவிலுள்ள கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலம், சீமான்கள் கிரவுஸ் பறவை சுடுவதற்காக அடைத்துவைத்திருந்த இடம். 1932 ஏப்ரல் 24 அன்று சுமார் 400 பேர், பெரும்பாலும் இளந்தொழிலாளர்கள், 20 வயது பென்னி ராத்மன் முன்னிற்க அதில் ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு. ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. திறந்தவெளி நிலத்தில் நடக்கும் பொது உரிமைக்குச் சட்டம் 2000இல்தான் வந்தது. அதுவும் இங்கிலாந்து நிலத்தில் சுமார் 8 சதவீதத்துக்கு. டார்ட்மூர் மேட்டில் கூடாரமடித்துத் தூங்கும் உரிமை உண்டு என்று 2025இல் உச்ச நீதிமன்றம் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

சட்டம் திறந்த வாசலில் எல்லோரும் நுழைந்துவிட முடியுமா? கயானாவில் பிறந்த கறுப்பினப் புகைப்படக்காரர் இங்க்ரிட் பொல்லார்ட், 1988இல் ‘பாஸ்டரல் இன்டர்லூட்’ தொடரில் கறுப்பர்களை அந்த ஏரி மாவட்டத்திலேயே நிறுத்திப் படமெடுத்தார். கூடவே அழகைப் பற்றி அல்ல, அங்கே நிற்கும்போது வருகிற அச்சத்தைப் பற்றி எழுதினார். வேர்ட்ஸ்வொர்த் வழிகாட்டிக்கு இதைவிடக் கூர்மையான விமர்சனம் நான் பார்க்கவில்லை.

‘நம்ம திணையில் நிலத்தோடு தொழிலும் கருப்பொருளாச்சே’ என்று நண்பர்கள் மார்தட்டலாம். வாஸ்தவம். ஆனால் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே, கைக்கிளை பெருந்திணைப் பக்கம் தள்ளியதாக உரையாசிரியர்கள் பொருள் காண்பதும் அதே தொல்காப்பியத்தில்தான். அங்கே பார்க்கத் தகுதி, இங்கே காதலிக்கத் தகுதி. வெள்ளைக்காரன் பிரதியைக் கட்டுடைக்கிற கையோடு நம் குறிஞ்சியையும் நெய்தலையும் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மலை அழகு, கடல் அழகு என்று எழுத உட்காரும் நண்பர்களிடம் எனக்குக் கேட்க ஒன்றுதான் இருக்கு: நீங்க நடந்த பாதை யார் போட்டது?